கல்வராயன் மலைப் பள்ளிக்கூடத்துக்கு நர்ஸ் யார்?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஒன்றில் யார் யாருக்குப் பணியிடம் உண்டு என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெரிய பள்ளியாக இருந்தால் பி.டி. சார், ஆபீஸில் ஒரு கிளார்க், சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர். விடுதியோடு சேர்ந்த பள்ளி என்றால் வார்டன், வாட்ச்மேன். இந்தப் பட்டியலில் நர்ஸ் என்று ஒரு வரி கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பி.டி. சார் தன் பைக்கில் பி.எச்.சி.க்குக் கூட்டிக்கொண்டு போவார். நாமெல்லாம் அப்படித்தான் படித்தோம். அதனால் இது ஒரு குறையாகவே நமக்குத் தோன்றுவதில்லை.

நான் பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுபவன். ஓய்வு நேரத்தில் அரசின் திட்ட வழிகாட்டிகள், கொள்கை விளக்கக் குறிப்புகள் படிப்பது என் பொழுதுபோக்கு. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள், அந்தப் பணம் என்னவாக மாறியது என்று கொஞ்ச நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். தேடலில் கண்ணில் பட்ட ஒரு விஷயம்தான் இந்தக் கட்டுரை. கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலையில் ஒரு ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. அதே மலையில் மாநில அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. படிப்பது ஒரே ஊர்ப் பிள்ளைகள், ஒரே மலையாளி சமூகத்துப் பிள்ளைகள். முதல் வகைப் பள்ளியின் விதிமுறையில் நர்ஸ் பணியிடம் உண்டு. இரண்டாவது வகையில் இல்லை. ஏன்?

பதில் மருத்துவத்தில் இல்லை, மானியங்களின் வரலாற்றில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, பள்ளி நர்ஸ் என்ற வேலை எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நியூயார்க், 1902

நியூயார்க் நகரப் பள்ளிகளில் 1897 முதலே டாக்டர்கள் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. கண்நோய், சொறி, படர்தாமரை, தலையில் பேன் என்று ஏதாவது கண்ணில் பட்டால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கையில் ஒரு சீட்டு. அந்தச் சீட்டை வீட்டில் யார் படிப்பது? அப்போதுதான் கப்பலில் வந்து இறங்கிய ஏழைக் குடும்பங்கள். பல பேருக்கு ஆங்கிலம் தெரியாது. மருந்து எங்கே வாங்குவது, எப்படிப் போடுவது என்றும் தெரியாது. பிள்ளை பள்ளிக்கும் போகாமல் வைத்தியமும் இல்லாமல் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும். சாயந்திரம் பள்ளி விட்டதும் மற்ற பிள்ளைகளும் அதே தெருவுக்கு வந்து சேர்ந்துகொள்வார்கள். பள்ளியைவிட்டு நிறுத்தியதன் பலன் அவ்வளவுதான்.

ஹென்றி தெரு என்ற இடத்தில் ஏழைகளுக்காகச் செவிலியர் சேவை நடத்திவந்த லில்லியன் வால்ட், ஒரு மாதத்துக்கு எங்கள் நர்ஸ் ஒருவரைக் கடனாகத் தருகிறோம், பாருங்கள் என்றார். 1902 அக்டோபரில் லினா ராஜர்ஸ் என்ற நர்ஸ் நான்கு பள்ளிகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். சின்னச் சின்னச் சிகிச்சையைப் பள்ளியிலேயே செய்தார். மீதியை வீடு தேடிப் போய்த் தாயிடம் சொல்லிக் கொடுத்தார். பலனைப் பார்த்த நகர நிர்வாகம் பணம் ஒதுக்கி மேலும் நர்ஸ்களை நியமித்தது. 1902 செப்டம்பரில் நோயால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். 1903 செப்டம்பரில் 1,101 பேர்.

இதில் நான் கவனித்தது இரண்டு விஷயம். ஒன்று, பரிசோதனை முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. கூடுதலாக வந்தது பின்தொடர்ந்து போக ஒரு ஆள். இரண்டு, அவர்கள் எண்ணியது எதை என்பது. எத்தனை பிள்ளைகளைப் பார்த்தோம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு வெற்றி என்று சொல்லவில்லை. எத்தனை பிள்ளைகள் வகுப்பை இழந்தார்கள் என்பதை எண்ணினார்கள்.

நம்ம ஊரில் சாப்பாடு முந்திக்கொண்டது

இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் மருத்துவப் பரிசோதனை 1909-ல் பரோடா நகரத்தில் நடந்தது. சென்னையில் முதலில் வந்தது சாப்பாடு. 1920 செப்டம்பரில் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. பிறகு இன்னும் சில பள்ளிகளுக்கு விரிந்தது, சேர்க்கையும் கூடியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்கக்கூடாது என்று அரசு ஆட்சேபிக்க, 1925 ஏப்ரலோடு நின்றது. பசி குறைந்ததாலோ பணம் தீர்ந்ததாலோ நிற்கவில்லை. எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது என்ற கேள்வியில் நின்றது. இந்தக் காரணத்தை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் திரும்ப வரும்.

1920-களின் கடைசியில் சென்னை சட்டசபையில் உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் இருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பள்ளிகளில் முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று வலியுறுத்தினார். 1946-ல் வந்த போர் கமிட்டி அறிக்கை, இந்தியாவில் பள்ளிச் சுகாதார சேவை என்பது அநேகமாக இல்லவே இல்லை என்று எழுதியது. 1960-ல் மத்திய அரசு ரேணுகா ராய் தலைமையில் இதற்கென்றே ஒரு கமிட்டி போட்டது. அடுத்த வருஷமே அறிக்கையும் வந்தது.

அறிக்கைகள் இப்படி வந்துகொண்டிருக்க, தமிழ்நாடு சாப்பாட்டு வழியிலேயே வேகமாகப் போனது. 1956-ல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு. இந்தச் சத்துணவின் வெற்றிக்குப் பல காரணம் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அது ஒவ்வொரு மையத்துக்கும் மூன்று ஆட்களைக் கொடுத்தது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர். ஆள் இருந்ததால் அரசாங்கம் மாறியபோதும் அடுப்பு எரிந்தது. 'சத்துணவு டீச்சர் இன்னிக்கு வரல' என்றால் ஊரே கேட்கும். சுகாதாரத்துக்கு அப்படி ஒரு ஆள் பள்ளிக்குள் வரவே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் வெளியிலிருந்து, வேறு வேலைக்கு நடுவில் வந்தவர்கள்.

மலைக்கு வந்த டென்மார்க் பணம்

இப்போது மலைக்குப் போவோம். கல்வராயன் மலை ஒரே மாவட்டத்துக்குள் அடங்காது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பகுதி. முதலாவது ஏறக்குறைய 2,700 அடி, இரண்டாவது 4,000 அடி உயரம். கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டம், வெள்ளிமலைப் பக்கம் இன்றைய கள்ளக்குறிச்சி. நீண்ட காலம் இந்த மலை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், அரிய கவுண்டர் வழியினர். அரசு நிர்வாகம் நேரடியாக உள்ளே வந்தது 1976-ல்தான். நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷம் கழித்து! சமவெளியில் காமராஜர் காலத்தில் வந்த பள்ளியும் ஆஸ்பத்திரியும் இங்கே ஒரு தலைமுறை தாமதம் என்பதை இதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அரசு உள்ளே வந்த ஐந்து வருஷத்தில் ஒரு வெளிநாட்டு மானியமும் வந்தது. 1981-ல் டென்மார்க் அரசின் உதவி நிறுவனமான டானிடாவின் பணத்தில் தமிழ்நாட்டில் ஒரு வட்டாரச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. தேர்ந்தெடுத்த மாவட்டங்கள் இரண்டு: சேலமும் தென்னார்க்காடும். கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காட்டில் இருந்தது. அதாவது மலையின் இரண்டு பக்கமும் அந்தத் திட்டத்துக்குள் வந்த மாவட்டங்கள். துணை சுகாதார நிலையங்கள் கட்டுவதும் செவிலியருக்குப் பயிற்சி கொடுப்பதும் அதன் முக்கிய வேலைகள்.

இந்தத் துணை நிலையத்தில் இருப்பவர்தான் கிராம சுகாதார செவிலியர். ஊர்க்காரர்களுக்கு 'நர்சம்மா'. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்பது தேசிய அளவுகோல். 3,000 பேர் கேட்பதற்குக் குறைவாகத் தெரியும். ஆனால் மலையில் அந்த 3,000 பேர் பத்துப் பன்னிரண்டு குக்கிராமங்களில், ஓடை தாண்டி மேடு தாண்டி இருப்பார்கள். நர்சம்மாவின் முதல் வேலை கர்ப்பிணி, பிரசவம், கைக்குழந்தை, தடுப்பூசி. பள்ளிக்கு வருவது 10 வயதிலும் 16 வயதிலும் போடும் ஊசிக்காக, இல்லையென்றால் பரிசோதனை முகாமுக்காக. பள்ளி அவருடைய நோட்டில் கடைசிப் பக்கங்களில் ஒன்று. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவரை அனுப்பிய பணம் தாய்சேய் நலத்துக்கென்று வந்த பணம், அவரும் அதைத்தான் செய்தார்.

டென்மார்க் பின்னால் இந்தியாவுக்கான உதவியைப் படிப்படியாக நிறுத்திக்கொண்டது. ஆனால் துணை நிலையமும் நர்சம்மாவும் போய்விடவில்லை. மாநிலத்தின் வழக்கமான நிர்வாகத்தில் கலந்துவிட்டார்கள். நல்ல மானியம் என்றால் எனக்கு இதுதான். கொடுத்தவர் போன பிறகும் நாற்காலியும் அதில் ஒரு ஆளும் இருக்க வேண்டும்.

2013: பார்க்க ஆள் உண்டு, தொடர ஆள் இல்லை

பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பெரிய பணம் வந்தது 2013-ல், ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை. பிறவிக் குறை, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் என்று நான்கு தலைப்பில் 30 வகைப் பிரச்சினைகளைத் தேடுவார்கள். மத்திய வழிகாட்டியின்படி ஒரு வண்டியில் இரண்டு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு மருந்தாளுநர். அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை வருவார்கள். பணம் தேசிய சுகாதார இயக்கத்திலிருந்து, 2015-16 முதல் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கில்.

இது நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதயத்தில் ஓட்டை இருக்கும் பிள்ளையை, காது கேளாத பிள்ளையை, யாரும் கவனிக்காமலே பெரியவர்களாகிவிட்டவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்களைத் தேடி வண்டி வருவது பெரிய விஷயம். ஆனால் என் தொழில் பாஷையில் சொன்னால், இது ஒரு மானிட்டரிங் சிஸ்டம். அலர்ட் அடிக்கும். அலர்ட் அடித்தால் ராத்திரி எழுந்து பார்க்க ஆன்-காலில் ஒரு ஆள் வேண்டும், டிக்கெட்டை மூடும் வரை அதைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். ஆன்-கால் ஆள் இல்லாத கம்பெனியில் அலர்ட் வெறும் சத்தம். நியூயார்க்கின் சீட்டும் அந்த மாதிரிதான்.

மலையில் இது எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏழாம் வகுப்புப் பெண், விடுதியில் தங்கிப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வண்டி வந்த அன்று ஹீமோகுளோபின் 8 என்று வருகிறது. அந்த வயதில் 12-க்குக் கீழே வந்தாலே ரத்தசோகை, 8-க்குக் கீழே போனால் தீவிரம். அவள் விளிம்பில் நிற்கிறாள். சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் திறந்த கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி. முன்பு போல விழுப்புரத்துக்கோ சேலத்துக்கோ ஓட வேண்டாம், அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மலையிலிருந்து அவளைக் கூட்டிப் போவது யார்? அப்பா அம்மா கேரளாவிலோ கர்நாடகாவிலோ எஸ்டேட் வேலையில் இருக்கலாம். பிள்ளை விடுதியில் இருப்பதற்கே பல வீடுகளில் அதுதான் காரணம். வார்டன் போனால் மீதிப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை. டீச்சர் போனால் வகுப்பு இல்லை. சீட்டு நோட்டுப் புத்தகத்துக்குள் போய்விடும். அடுத்த வருஷம் வண்டி வரும்போது திரும்ப ஒரு அலர்ட்.

இதற்கு நடுவில் வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை உண்டு. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளில் குடற்புழு நீக்க அல்பெண்டசோல் மாத்திரை உண்டு. இதையெல்லாம் பள்ளியில் கொடுப்பது வகுப்பு ஆசிரியர். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் சில பிள்ளைகளுக்கு வயிற்றைப் பிரட்டும், மலம் கறுப்பாகப் போகும். பயந்துபோய் அடுத்த வாரம் மாத்திரையைக் கையில் வாங்கி ஜன்னல் வழியாக எறிவார்கள். 'கறுப்பா போனா பயப்படாதடி, சாப்பிட்ட பிறகு போட்டுக்கோ' என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல நேரமும் பயிற்சியும் உள்ள ஒருவர் வேண்டும். ரெஜிஸ்டரில் மாத்திரை வழங்கப்பட்டது என்று சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. வழங்கியதும் உள்ளே போனதும் ஒன்றல்ல என்பதற்கு இது ஒரு அடையாளம்.

2020 பிப்ரவரியில் ஆயுஷ்மான் பாரத் பள்ளிச் சுகாதாரத் திட்டம் வந்தது. அப்போதாவது ஒரு நர்ஸ் வந்தாரா? பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைச் சுகாதாரத் தூதுவர் ஆக்கினார்கள். புதுப் பட்டம், பழைய ஆள்.

ஒரே மலை, இரண்டு விதி

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். அரசியல் சாசனத்தின் 275(1) பிரிவு, பழங்குடியினர் நலனுக்காக மத்திய அரசு மாநிலங்களுக்கு மானியம் தர வழி செய்கிறது. 1997-98-ல் அந்தப் பணத்தில்தான் ஏகலைவா பள்ளிகள் ஆரம்பித்தன. 2018-க்குப் பிறகு திட்டத்தைத் திருத்தி, ஒரு மாணவருக்கு வருஷம் 1.09 லட்சம் ரூபாய் என்று செலவை நிர்ணயித்தார்கள். பணியிட வரையறையில் பெண் ஸ்டாஃப் நர்ஸ் உண்டு. 2025-ல் நாடு முழுக்க 7,267 பணியிடங்களுக்கு விளம்பரம் வந்தபோது அதில் 550 நர்ஸ் பணியிடம். நவோதயா பள்ளிகளிலும் நர்ஸ் உண்டு. மொழிக் கொள்கை காரணமாகத் தமிழ்நாட்டில் நவோதயா இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்த கதை.

மாநில அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் தமிழ்நாட்டில் முன்னூறுக்கு மேல் இருக்கின்றன. அவை வளர்ந்தது வேறு கணக்கில். பள்ளி, கூடவே தங்க இடம், சாப்பாடு என்ற வரிசையில். அங்கேயும் பிள்ளை 24 மணி நேரமும் பள்ளியின் பொறுப்பில்தான். ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி என்றால் அம்மாவைக் கூப்பிட முடியாது. ஆனால் அந்தக் கணக்குத் தலைப்பில் நர்ஸ் இல்லை. 1925-ல் ஆயிரம் விளக்கில் சாப்பாட்டை நிறுத்திய அதே கேள்விதான் இங்கேயும்: எந்தத் தலைப்பிலிருந்து எடுப்பது? சுகாதாரத் துறையைக் கேட்டால் பள்ளி அவர்களுடையது இல்லை. பழங்குடியினர் நலத்துறையைக் கேட்டால் நர்ஸ் அவர்களுடைய ஆள் இல்லை.

விதியில் பணியிடம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. ஒரே விளம்பரத்தில் 550 பேர் தேவை என்றால், புதிய பள்ளிகளைக் கழித்தாலும், ஆள் இல்லாத மருத்துவ அறைகள் நிறைய இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஆனால் காலிப் பணியிடம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், சட்டசபையில் கேள்வி போடலாம், கோர்ட்டுக்குப் போகலாம். இல்லாத பணியிடம் காலியாகக்கூட இருக்க முடியாது. அதைப் பற்றிக் கேட்க ஒரு வார்த்தை கூட இருக்காது.

என்ன செய்யலாம்

இது முடியாத காரியம் இல்லை. ஒடிசாவில் பழங்குடி, பட்டியலின மாணவர்களின் விடுதிப் பள்ளிகளில் ஏ.என்.எம். செவிலியர்களை நியமித்திருக்கிறார்கள். நம்மிடமும் முன்மாதிரி உண்டு. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது முதல் கட்ட 1,545 பள்ளிகளில் 237 பள்ளிகள் மலைப்பகுதிப் பள்ளிகள். கடினமான இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம் என்பதற்கு அது சாட்சி.

மலையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஐந்தாறு விடுதிப் பள்ளிகளுக்கு ஒரு நர்ஸ், அதில் ஒரு பள்ளியிலேயே தங்க அறை, பிள்ளையை அழைத்துப் போக வண்டிச் செலவு. ஏ.என்.எம். படிப்பு இரண்டு வருஷம்தான். இதே மலையில் பிளஸ் டூ முடிக்கும் பெண்களைப் படிக்க வைத்தால் ஊரும் பேச்சும் தெரிந்த ஆளே கிடைப்பார். கணக்கும் நியூயார்க் மாதிரி இருக்கட்டும்: எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பதோடு, எழுதிய சீட்டுகளில் எத்தனை முடிவுக்கு வந்தன, நோயால் எத்தனை வகுப்பு நாள் போனது என்று இரண்டு எண்கள் கூடுதலாக.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தபோது எல்லாருடைய கண்ணும் கல்வராயன் மலைப் பக்கம் திரும்பியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து அந்த மலை மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றிக் கேட்டது. சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி என்று அந்தப் பட்டியல் நீளும்போது, பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் அந்த ஒரு ஆளையும் அதில் சேர்க்க வேண்டும். அதற்கு முதலில் வேண்டியது ஒரு அரசாணையும் பட்ஜெட்டில் ஒரு கணக்குத் தலைப்பும்தான்.